யாரும் கலைய வேண்டாம்

மாவட்டம் இன்னும் பெருமாள்மலை தாண்டவில்லையாம், தாண்டிவிட்டாராம், தாண்டி ஒரு கடையில் டீ குடிக்கிறாராம், ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு செய்தி வருகிறது, எனக்கு எல்லாம் ஒன்றுதான். மேடையில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று, இனி அவர் வந்து சேரும்வரை எழுந்திருக்க முடியாது, எழுந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவான். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். எங்கள் கட்சியில் பதவிக்கு வந்தவனுக்குப் பெயர் போய்விடும், அவர் மாவட்டம், நான் நகரம், வீட்டில் பாக்கியம்கூட என் பெயரைச் சொல்ல மாட்டாள். தண்டபாணி என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்தக் கொடைக்கானலில் மிச்சமிருப்பது ஒரே ஆள் இன்னாசிதான், அந்த இன்னாசியைத்தான் இன்றைக்கு நான் மைக்கைப் பிடித்து இந்த மலையை விட்டு விரட்ட வேண்டும். நினைத்தால் கவலையாக இருக்க வேண்டும். இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கூடவே வெள்ளைச் சட்டைக்குள் பாக்கியம் போட்டுவிட்ட ஸ்வெட்டர் கதகதப்பாக இருக்கிறது, மூஞ்சிக்கல் சாலை முழுக்க வறுத்த கடலை வாசம், பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் கோணல் என்றாலும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் ஆடவில்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான், கவலைப்பட உட்கார்ந்தால் கவலை பாதி வழியில் எங்கேயோ இறங்கிக்கொள்ளும். உங்களுக்குச் சூடு சொரணை கிடையாது என்று பாக்கியம் சொல்வாள், சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். மைக்செட்காரர் மைக்கை ஊதுகிறார், தட்டுகிறார், மலைக்கே இருமல் வந்த மாதிரி ஒரு சத்தம் போய்த் திரும்புகிறது.

பின்னால் தொங்கும் பேனரில் "போதைக் காளானை ஒழிப்போம், பொன்மலையைக் காப்போம்" என்று இருக்கிறது. அதன் கீழே மாவட்டத்தின் முகம் பெரிசாக, இளைஞரணி ரஞ்சித்தின் முகம் அதைவிட ஒரு சுற்றுச் சின்னதாக, என் முகம் ரேஷன் கார்டு அளவுக்கு. போட்டதே பெரிசு. ரஞ்சித் வத்தலக்குண்டிலிருந்து மேலே வந்து காட்டேஜ் கட்டியவன், கெட்டிக்காரன், காலையில் ஆறு மணிக்கு வணக்கம் சொல்லிப் படம் அனுப்பிவிடுவான். போன மாதம் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் காளானைத் தின்றுவிட்டு வட்டக்கானல் பாதையில் விழுந்து கால் முறிந்து கிடந்தான், விடிய விடிய அலறியிருக்கிறான், மலை தன்னைத் தின்ன வருகிறது என்று. அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது, அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு இல்லாமல் நின்றாள். விடியற்காலையில் அவனைக் கண்டுபிடித்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கடுங்காப்பி கொடுத்துப் பேசிக்கொண்டே இருந்தவன் இன்னாசி. யாரோ போனில் படம் எடுத்தான். தாடி, சடை, குல்லா, மடியில் மயங்கிய பையன். போதாதா? மறுநாள் மாவட்டம் பூராவும் அந்தப் படம்தான், இவர்தான் காளான் வாத்தியார், பிள்ளைகளைக் கெடுக்கிறவர் என்று. விற்றது எந்த வேன் டிரைவர், எந்தக் காட்டேஜில் வைத்துக் கொடுத்தான் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்ததை மைக்கில் சொல்லக் கூடாது என்பதுதான் அரசியலில் முதல் பாடம், நான் அதில் டிஸ்டிங்ஷன். இன்னாசியின் தகரக் கொட்டகை நிற்கும் வட்டக்கானல் மேட்டிலிருந்து பார்த்தால் பெரியகுளம்வரை தெரியும், அங்கே நாலு கண்ணாடி அறை கட்டினால் வருஷம் பூராவும் கூட்டம் வரும், ரஞ்சித் இதை ஒருநாள் என்னிடமே கையை விரித்துக் காட்டியிருக்கிறான். தீர்மானத்தை நான் முன்மொழிய வேண்டும், அவன் வழிமொழிவான், மாவட்டம் தலையை ஆட்டுவார், நாளைக் காலையில் பத்து இளைஞர்களும் ஒரு ஜேசிபியும் மேட்டுக்குப் போகும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. நான் முன்மொழியாவிட்டால் அடுத்த வாரம் நகரம் நான் இல்லை, அதுவும் அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதில் நானும் இதே வேலைக்குத்தான் போனேன், அப்போது எனக்குத் தலை நிறைய முடி. ஹிப்பிகள் வட்டக்கானலில் கூடாரம் போட்டு ஊரைக் கெடுக்கிறார்கள், போய் என்ன நடக்கிறதென்று பார்த்து வந்து சொல் என்று மாணவரணியிலிருந்து அனுப்பினார்கள். ஒளிந்து பார்க்கப் போனவன் நேராகப் போய் அவர்கள் அடுப்பு முன்னால் நின்றேன், மழைக்கு வேறு எங்கே போவது. மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் லேபில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்த இன்னாசி, மாணவர்களோடு சுற்றுலா வந்த இடத்தில் பஸ் ஏறாமல் தங்கிவிட்டவன், அங்கே முட்டை அடித்துக்கொண்டிருந்தான். ஹெல்கா என்று ஒரு ஜெர்மன்காரி, அவளுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் பரவாயில்லை, எதற்கும் பரவாயில்லை. மாட்டுச் சாணத்தில் மழைக்கு முளைத்த காளானை நறுக்கி ஆம்லெட்டில் போட்டார்கள். "இது என்னன்னு தெரிஞ்சுதான் சாப்பிடுறியா?" என்று இன்னாசி கேட்டான். கட்சிக்காரன் தெரியாது என்று சொல்வதா? "தெரியாமயா வந்திருக்கேன்?" என்றேன். சாப்பிட்டேன். மண் வாசம், மிளகு தூக்கல். பிறகு அந்தப் பிற்பகல். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத் தெரியாது என்பதுதான் நிஜம், புல்லுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓரம் இருந்தது, அந்த ஓரம் வெளிச்சமாக இருந்தது, என் கைக்குள் ரத்தம் போகும் சத்தம் எனக்குக் கேட்டது, நடுவில் கொஞ்ச நேரம் பயந்து செத்தேன், அப்பா முகம் பாறையில் தெரிந்தது, ஹெல்கா என் முதுகைத் தடவிப் பரவாயில்லை என்றாள், பரவாயில்லை என்றே ஆகிவிட்டது. அப்புறம் சரிவில் மேய்ந்த மாடுகள் முன்னால் போய் நின்று கையை உயர்த்திப் பேச ஆரம்பித்தேன். பேசினேன் என்பது ஞாபகம் இருக்கிறது, மாடுகள் மேய்வதை நிறுத்திப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, என்ன பேசினேன் என்பது மட்டும் சுத்தமாக இல்லை. நீ பேசியதிலேயே அதுதான் பெரிய பேச்சு என்று இன்னாசி சொல்வான். என்னடா பேசினேன் என்று கேட்டால் சிரிப்பான். வேண்டிய நேரம் வரும்போது சொல்கிறேன் என்பான். இத்தனை வருஷத்தில் எத்தனை மேடை ஏறியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் மைக்கைப் பிடித்ததும் ஒரு நொடி அந்த மாடுகள் வந்து நிற்கும், என்ன சொன்னேன், என்ன சொல்லியிருப்பேன், நாக்கு நுனிவரை வந்து நிற்கும், அதற்குள் கீழே யாராவது எழுந்து போவான், நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வேண்டியதாகிவிடும். என் வேலையே அதுதான். தலைவர்கள் பேசும்போது கூட்டம் எழுந்து போகாமல் பிடித்து வைப்பது. கலைய வேண்டாம் தண்டபாணி என்று ஒரு காலத்தில் பட்டப்பெயரே இருந்தது. மாணவரணியில் போய் அறிக்கை சொன்னேன், ஆபத்து ஒன்றும் இல்லை, மாட்டோடு இருக்கிறார்கள் என்று. அதற்கப்புறம் நான் அதைத் தொட்டதில்லை, தேவைப்படவில்லை, ஒரு சாப்பாடு ஆயுசுக்கும் போதும் என்று சில பேருக்கு ஆகிவிடும். கோயம்புத்தூர்ப் பையனுக்கு முதுகைத் தடவ ஆளில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

நேற்று மேட்டுக்குப் போய் அவனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்ய என்னால் முடியாது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து பிளம்ஸ் தின்றுகொண்டிருந்தான், எனக்கும் நாலு கொடுத்தான். "நாளைக்கு ஒன்னய வெளியேத்தச் சொல்லித் தீர்மானம். நான்தான் வாசிக்கணும்." கொட்டையைத் துப்பிவிட்டு, "எத்தன மணிக்கு?" என்றான். நாலு மணி என்றேன். "பொதுக்கூட்டந்தானே, நானும் வரலாமா?" எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, பிளம்ஸ் புளிப்பில் இரண்டும் சரியாகிவிட்டது. எங்கேடா போவாய் என்று கேட்டேன். சமவெளிக்குப் போனால் வேர்க்கும் என்றான், வேறு குறை சொல்லவில்லை. வரும் யாரையும் காளான் தின்னச் சொல்கிற ஆள் இல்லை அவன், கேட்டு வருகிறவனைப் புல்வெளி பூராவும் நடக்க வைத்துச் செடிகளின் பெயர் சொல்லிக் களைப்பாக்கி அனுப்பிவிடுவான். வரும் வழியில் நினைத்துக்கொண்டே வந்தேன், காய்ச்சல் என்று படுத்துவிடலாமா, பாக்கியத்தின் தம்பி வீட்டுக்குப் பழனி போய்விடலாமா. போனால் ரஞ்சித்தே முன்மொழிந்துவிடுவான், அதற்கு நான் இருப்பதே மேல். இருந்து என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை, காலையிலிருந்து தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. வாய் வேறு வறண்டுபோய்க் கிடக்கிறது. கடலைக்காரனைக் கண்ணால் கூப்பிடுகிறேன், அவன் மேடைக்கு வர மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறான்.

கீழே ஏதோ களேபரம். ரஞ்சித் போனில் கத்துகிறான். மாற்றுக் கட்சியிலிருந்து நூறு பேர் விலகி நம் கட்சியில் இணைகிறார்கள் என்று மாவட்டத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், அந்த நூறு பேர் ஏறிய பஸ் பண்ணைக்காடு பிரிவில் டிராஃபிக்கில் நிற்கிறதாம், சீசன் நேரத்தில் கூட்டம் போட்டால் இப்படித்தான். எனக்கு இதெல்லாம் பழகிய வைத்தியம். இணைகிற ஆள் குறைந்தால் நம் ஆளையே இறக்க வேண்டியது, கட்சிக் கரை போட்ட வேட்டியை மாற்றிச் சாதா வேட்டியோ பேண்ட்டோ போட்டு வரிசையில் நிறுத்தினால் அவன் மாற்றுக் கட்சி. நானே இரண்டு தேர்தலில் அப்படி இணைத்தவர்களை மூன்றாம் தேர்தலிலும் இணைத்திருக்கிறேன். "கரவேட்டி கட்டினவன் எல்லாம் பின்னாடி போங்கப்பா. நம்மாளு மாதிரி தெரியாத ஆளாப் பிடிங்க" என்று ரஞ்சித் சொல்ல, ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் நாலு பேர் வருகிறார்கள், கேரட் கழுவுகிறவர்கள் கைக்கு ஈரம் துடைத்துக்கொண்டு வருகிறார்கள், சாக்லேட் கடை மேனேஜர் ஒருவர் டை கட்டியபடி நிற்கிறார். மேடைப் படிக்கட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கமாக வரிசை நீள்கிறது. ரஞ்சித் கூட்டத்துக்குள் போய் ஒரு பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வழித்த முகம், வாரிய தலை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மாதிரி ஒரு மரியாதை. "சார், நீங்க முன்னாடி நில்லுங்க. ஒங்கள மாதிரி ஆளு மொதல்ல நின்னாத்தான் படம் நல்லா வரும்." பெரியவரும் தலையை ஆட்டிவிட்டுப் படிக்கட்டில் முதல் ஆளாக நிற்கிறார். நல்ல தேர்வு, இந்தப் பையனுக்குக் கண் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியவர் என்னைப் பார்க்கிறார். நெற்றியும் மூக்கும் வெயிலில் கருத்திருக்கிறது, தாடை மட்டும் குழந்தைத் தாடை மாதிரி வெளுத்திருக்கிறது, எத்தனையோ வருஷம் தாடிக்குள் இருந்த தோல். இன்னாசி. பொதுக்கூட்டத்துக்கு வருகிறோம், மரியாதையாக வர வேண்டும் என்று போய்ச் சடையை வெட்டிச் சவரம் செய்துகொண்டு வந்திருக்கிறான், இன்னாசி.

வாயைத் திறக்க வேண்டுமா? ரஞ்சித்தைக் கூப்பிட்டு, தம்பி, அது அவன்தான்டா என்று காதில் சொல்வது நகரத்தின் கடமை. சொன்னால் இங்கேயே நாலு பேர் அவன் சட்டையைப் பிடிப்பார்கள், அந்த இஸ்திரி போய்விடும். சொல்லாவிட்டால்? சைரன் சத்தம். மாவட்டம் வந்துவிட்டார், மூச்சிரைக்க மேலே ஏறுகிறார், சால்வையை இழுத்துப் போர்த்துகிறார், "பனி எறங்குறதுக்குள்ள நான் எறங்கணும் நகரம், சுருக்கா முடிங்க" என்கிறார். இணைகிறவர்களின் பெயரை மைக்கில் அறிவிப்பது நகரச் செயலாளர், வழக்கம் அதுதான், என் கை வழக்கப்படி மைக்கை எடுக்கிறது. எடுத்த கைக்கு முன்னால் மாடுகள் வந்து நிற்கின்றன. என்ன சொன்னேன் அன்றைக்கு, என்ன சொல்லியிருப்பேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அடியில் எங்கேயோ ஒரு குஷி, திருட்டு மாங்காய்க்குக் கை நீட்டும் குஷி. கோணல் நாற்காலியில் சாய்ந்த மாதிரியே சாய்ந்து சொல்கிறேன். "மாற்று முகாமிலிருந்து விலகி, நமது இயக்கத்தில் இன்று தன்னை இணைத்துக்கொள்கிறார், கல்லூரித் தாவரவியல் துறையில் பணியாற்றியவர், இந்த மலையின் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி அறிந்தவர், மரியாதைக்குரிய அய்யா இன்னாசிமுத்து அவர்கள்." ரஞ்சித் முதல் ஆளாகக் கை தட்டுகிறான். காளான் வாத்தியார் என்றுதானே அவனுக்குத் தெரியும், அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்குத் தெரியும். மாவட்டம் கட்சித் துண்டை எடுத்து இன்னாசியின் தோளில் போடுகிறார், கட்டிப் பிடிக்கிறார், காமிராக்கள் பளிச்சிடுகின்றன, ரஞ்சித் குனிந்து நடுவில் தலையை நுழைத்துச் சிரிக்கிறான். மாவட்டம் கையால் துண்டு போட்ட ஆளை மாவட்டத்துக்குள் எவனும் தொட முடியாது, தொட்டால் அது அவர் கையைத் தட்டிவிட்ட மாதிரி. இது சட்டப் புத்தகத்தில் இல்லை, அதைவிடக் கெட்டியான இடத்தில் இருக்கிறது.

இன்னும் முடியவில்லை, தீர்மானம் இருக்கிறதே. நாக்கு இப்போது நன்றாக ஈரமாகிவிட்டது. மலையில் போதைக் காளான் விற்பதைக் கட்சி கண்டிக்கிறது என்கிறேன், விற்கிற வேன்காரர்கள் மேலும் இடம் கொடுக்கிற காட்டேஜ்கள் மேலும் நடவடிக்கை வேண்டும் என்கிறேன், கோயம்புத்தூர்ப் பையனின் அம்மாவை நினைத்துக்கொண்டு சொன்னதால் குரல் கொஞ்சம் உடைகிறது, கூட்டம் நிஜமாகவே கை தட்டுகிறது. இதைக் கண்காணிக்க, இன்று நம்மோடு இணைந்த அய்யா இன்னாசிமுத்து தலைமையில், அவர் வசிக்கும் வட்டக்கானல் மேட்டிலேயே ஒரு குழு அமைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். மாவட்டம் வாட்சைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுகிறார். வழிமொழிய ரஞ்சித். அவன் மைக்கை வாங்கிக்கொண்டு வழிமொழிகிறேன் என்று சொல்லி முடிக்கிறான், முடித்தபிறகுதான் வட்டக்கானல் மேடு அவன் காதில் இறங்குகிறது போல. போனை எடுக்கிறான், படத்தைப் பெரிசாக்குகிறான், இன்னாசியின் தாடையைப் பார்க்கிறான், படத்தைப் பார்க்கிறான். பிறகு என்னைப் பார்க்கிறான். நான் கடலைக்காரனைப் பார்க்கிறேன். பதவி போகும், அநேகமாக அடுத்த மாதமே போகும், போகட்டும், நகரம் போனால் தண்டபாணி மிஞ்சுவான், பாக்கியத்துக்கும் சாயங்காலம் பேச ஆள் கிடைக்கும். ரஞ்சித் உதட்டைக் கடித்துக்கொண்டு மாவட்டத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறான், படத்தில் அவனும் இருக்கிறானே, என்ன செய்வான்.

இன்னாசிக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், என் பக்கத்திலேயே. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "இது டீக்கு நிக்கிற வரிசைன்னு நெனச்சேன்டா" என்கிறான் மெதுவாக. நிஜமாகத்தான் சொல்கிறானா என்று முகத்தைப் பார்க்கிறேன், அந்த வெளுத்த தாடையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, தாடி இருந்தபோது அந்த முகம் எனக்கு மனப்பாடம். "டீ வரும், இரு" என்கிறேன். மாவட்டம் பேசுகிறார், மலை, மாண்பு, மக்கள், அவர் குரல் நல்ல குரல், கேட்டுக்கொண்டே தூங்கலாம். பனி ஏரிப் பக்கமிருந்து ஏறி வந்து கடலை வண்டியின் விளக்கைச் சுற்றுகிறது, பிறகு தூறல், ஒன்று என் மூக்கில், ஒன்று கையில். கீழே குடைகள் விரிகின்றன, பின்வரிசை எழுந்திருக்கிறது, குதிரைக்காரர்கள் குதிரை ஞாபகம் வந்து திரும்புகிறார்கள். மாவட்டம் என் பக்கம் கண்ணைக் காட்டுகிறார். இது என் வேலை. எழுந்து மைக்கை வாங்கி, இத்தனை வருஷமாகச் சொல்வதைச் சொல்கிறேன். "யாரும் கலைய வேண்டாம். சின்னத் தூறல்தான். எல்லாரும் அப்படியே இருங்க, யாரும் போக வேண்டாம்." சொல்லிவிட்டு வந்து கோணல் நாற்காலியில் இடப்பக்கம் சாய்ந்து உட்காருகிறேன்.

இன்னாசி என் தொடையைத் தட்டுகிறான். "இதத்தாண்டா."

"எத?"

"அன்னைக்கு மாடுகளுக்குச் சொன்னது. பொழுது சாயுற வரைக்கும் இதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்ன. எல்லாரும் இருங்க, யாரும் போக வேண்டாம்னு."

"வேற ஒன்னும் சொல்லலையா?"

"இல்ல."

துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, பாதியை என் பக்கம் நீட்டுகிறான். கீழே எழுந்தவர்களில் பாதிப் பேர் மறுபடி உட்காருகிறார்கள். தூரத்தில் தட்டில் டீ வருகிறது.